ஒன்பதடிப் பலகையில் யாரோ

மார்ச் 3

மாப்பிள்ளைக்கு,

போனில் கூப்பிட்டால் இரண்டாவது நிமிடத்தில் இருவரும் கத்த ஆரம்பித்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன். தாளில் கத்த முடியாது, அடிக்கோடு மட்டும்தான் போடலாம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் ரயில் பலகையில் கை வைப்பதை நிறுத்து.

மூன்று வருடத்தில் நீ எதையும் மறந்திருக்க மாட்டாய். பின்னறை, ஒன்பதடிக்கு நாலடிப் பலகை, சுற்றுப்பாதை, ஸ்டேஷன், கூட்ஸ் ஷெட், ரயில்வே குடியிருப்பு. எல்லாம் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. நீ எங்கள் வீட்டில் தங்கியிருந்த காலத்தில் நாம் இருவரும் சேர்ந்து செய்தது. உனக்கு வேலை மாற்றலாகிப் போன பிறகு அந்த அறைக்குள் நுழைகிற ஒரே ஆள் நான்.

ஜனவரியில் பிளாட்பாரக் குழாயடியில் ஒரு ஈரம் தெரிந்தது. பசை சிந்திவிட்டேன் போலிருக்கிறது என்று தொட்டுப் பார்த்தேன். காய்ந்த வார்னிஷ். குழாயடியில் தண்ணீர் தேங்கியது போலவே யாரோ தீட்டியிருக்கிறார்கள். பிப்ரவரியில் கூட்ஸ் ஷெட் சுவரில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது, முன் சக்கரம் இல்லாமல். போன வாரம் குடியிருப்புக்குப் பின்னால் கொடி கட்டித் துணி காய்கிறது. ஒவ்வொரு சட்டையும் என் சுண்டு விரல் நகம் அளவு.

நேற்றுப் பார்த்ததுதான் பொறுக்க முடியவில்லை. பலகையில் நீ கட்டிய பாலத்தை நான் ரம்பத்தால் அறுத்தேன், மறுக்கவில்லை. ஆறு பெட்டி மாட்டினால் இன்ஜின் பாதி ஏற்றத்தில் வழுக்கியது. "ஏத்தம் சரியாத்தான் இருக்கு, உங்க இன்ஜின்தான் சோம்பேறி"ன்னு நீ சாதித்தாய். நீ வேலைக்குப் போயிருந்தபோது அறுத்துவிட்டேன். அந்த அறுபட்ட முனையில் இப்போது ஒரு ஆள் நிற்கிறான். இரண்டு சென்டிமீட்டர் உயரம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கீழே பார்க்கிறான்.

இது எனக்கு உறைக்கவேண்டும் என்றுதானே?

நான் மருந்துக் கடையில் நிற்கிற நேரத்தில் நீ வந்துவிட்டுப் போகிறாய். உன் அக்கா உடந்தை. "உன் தம்பி வந்தானா?" என்று கேட்டேன். "வரலையே" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பே சாட்சி.

பதிலைக் கடை விலாசத்துக்கு எழுது. வீட்டுக்கு வேண்டாம்.

அத்தான்

மார்ச் 9

அத்தான்,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது, இரண்டாம் தடவை சிரிப்பு வந்தது, மூன்றாம் தடவை ஒன்றும் விளங்கவில்லை.

நான் இருக்கிற ஊரிலிருந்து உங்கள் வீட்டுக்குப் பஸ்ஸில் பதினோரு மணி நேரம். எனக்கு வாரத்தில் ஆறு நாள் வேலை. ஏழாவது நாள் எந்தக் கட்டடத்திலாவது யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு என்னைக் கூப்பிடுவார்கள். குடியிருப்பது நாலாவது மாடி. லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இவ்வளவையும் தாண்டி, இருபத்திரண்டு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வந்து, உங்கள் பலகையில் ஒரு சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் போகிறேனா? சக்கரம் கழன்றது என் புத்தியில் இல்லை.

பாலத்தைப் பற்றி: ஏற்றம் சரியாகத்தான் இருந்தது. அதற்கு மேல் இப்போது ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் அந்த ஆள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான் என்கிறீர்களே, கடையில் விற்கிற பொம்மைகளில் அப்படி ஒன்று கிடையாது. எல்லாம் கொடி பிடிக்கும், பெட்டி தூக்கும், கை காட்டும். அப்படியென்றால் கையை வெட்டித் திருப்பி ஒட்டியிருக்க வேண்டும். அவ்வளவு சின்னக் கையை வெட்டுகிற பொறுமை எனக்கில்லை. என்னைத் திட்டுவதற்கு முன்னால் இதையாவது யோசித்தீர்களா?

அந்தப் பலகையில் நீங்கள் செய்ததிலேயே உருப்படியானது கூட்ஸ் ஷெட் கூரையில் இருக்கிற பாசி ஒன்றுதான். ஓட்டிடுக்கில் பச்சை கசிந்த மாதிரி. அப்போதே சொல்லியிருப்பேன், உங்களுக்குத் தலை கனத்துவிடும் என்று விட்டுவிட்டேன். அந்தக் கைதான் இதையும் செய்திருக்கும். உங்களுக்கே ஞாபகம் இல்லையோ என்னவோ.

போட்டோ அனுப்புங்கள்.

அக்கா எப்படி இருக்கிறாள்?

மார்ச் 16

மாப்பிள்ளை,

போட்டோ நாலு வைத்திருக்கிறேன். கடைக்குப் பக்கத்து ஸ்டுடியோவில் பெரிதாகப் போட்டு வாங்கினேன். ஸ்டுடியோக்காரன், "எந்த ஊர் சார் இது? அமைதியா இருக்கே" என்று கேட்டான். என் வீட்டுப் பின்னறை என்று சொல்ல வாய் வரவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கூரையில் இருக்கிற பாசி நான் செய்ததில்லை. அது உன் வேலை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் அதைப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சல். நீ ஊருக்குப் போன பிறகு தனியாக ஒரு தடவை அதே மாதிரி ஸ்டேஷன் கூரையில் முயற்சி செய்தேன். கீரையை மசித்து ஊற்றியது போல வந்தது, சுரண்டிவிட்டேன். நீ செய்யவில்லை என்றால் அதை யார் செய்தது?

உன் கடிதம் வந்த அன்றே பின்னறையைப் பூட்டினேன். சாவியைக் கடைக்குக் கொண்டுபோனேன். ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறது. நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் திறந்து பார்த்தால் பிளாட்பார பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் ஒரு பெட்டி. தண்டவாளத்தைப் பார்த்து உட்காரவில்லை, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ரயிலுக்குக் காத்திருக்கிறவள் யாராவது அப்படி உட்காருவாளா? வந்து இறங்கியவளா, போக வந்து மனம் மாறியவளா, எனக்குப் புரியவில்லை. அரை மணி நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து போய்ப் பூட்டையும் ஜன்னல் கம்பியையும் பார்த்தேன்.

பூட்டிய அறை. சாவி என்னிடம். அப்படியென்றால் அந்த அறைக்குள் போகக்கூடியவன் ஒருவன்தான் இருக்கிறான்.

உன் கடிதத்தில் வேடிக்கையாக ஒரு வரி எழுதியிருந்தாய், எனக்கே ஞாபகம் இல்லையோ என்று. அந்த வரியை எடுத்து எடுத்துப் படிக்கிறேன்.

உன் அக்கா நன்றாக இருக்கிறாள். "என்ன, ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்று கேட்டாள். கடையில் ஸ்டாக் எடுக்கிறோம் என்று சொன்னேன்.

மார்ச் 22

அத்தான்,

வேடிக்கைக்கு எழுதினேன். தயவுசெய்து அந்த வரியைக் கிழித்துப் போடுங்கள்.

போட்டோக்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வேலை விட்டு வந்ததும் லென்ஸ் வைத்துப் பார்க்கிறேன். சைக்கிள் முறுக்கிய செம்புக் கம்பி. துணியெல்லாம் மெல்லிய காகிதம், பசையில் நனைத்து மடித்தது, காற்றில் வீங்கின மாதிரி இருக்கிறது. குழாயடி ஈரம் ஓரத்தில் கொஞ்சம் சேறாகி மங்குகிறது. இதைச் செய்தவருக்கு அவசரமே இல்லை. அது நிச்சயமாக நான் இல்லை. நீங்களும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை.

கூரைப் பாசியும் நான் செய்ததில்லை. சத்தியமாக இல்லை.

அறை வாசலில் பவுடர் தூவிப் பாருங்கள். காலடி விழுமே.

பாலம் இருந்த இடத்தில் நான் போட்ட ஏற்றம் முப்பது அங்குலத்துக்கு ஒரு அங்குலம். போன வாரம் மறுபடி கணக்குப் போட்டேன். நாற்பதுக்கு ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். நீங்கள் சொன்னது சரி. அறுத்தது சரியில்லை.

ஏப்ரல் 2

மாப்பிள்ளை,

பவுடர் தூவினேன். மறுநாள் தரை துடைத்துச் சுத்தமாக இருந்தது. நானே துடைத்திருப்பேன் என்று நினைக்கிறேன். துடைத்த ஞாபகம் இல்லை.

இதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன், ஏனென்றால் உன்னோடு ஏற்கெனவே சண்டை. இதற்குமேல் என் மரியாதை குறைய ஒன்றும் இல்லை.

மார்ச் இருபத்தைந்தாம் தேதி கடையில் ஒரு அம்மா ரத்த அழுத்தத்துக்குச் சீட்டு கொண்டுவந்தார். இருபத்தைந்து மில்லிகிராம். நான் ஐம்பதை எடுத்து வைத்தேன். பில் போடுகிற அம்மா பார்த்துவிட்டு, "சார், இது டபுளாச்சே" என்று மெதுவாகச் சொன்னார். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவை. மாற்றிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். பில் போடுகிற அம்மா பார்க்காமல் விட்டிருந்தால்?

மறுநாளே முதலாளியிடம் ஒரு மாதம் லீவு கேட்டேன். முதுகுவலி என்றேன். வீட்டில் சொல்லவில்லை. தினமும் எட்டரைக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பிப் பஸ் ஸ்டாண்டில் உட்காருகிறேன். நாற்பது பஸ் எண்கள் மனப்பாடமாகிவிட்டன. மனப்பாடம் ஆகிறதே என்று ஒரு சந்தோஷம். வீட்டுக்குப் போனால் மாட்டிக்கொள்வேன், அதனால் ஐந்தரை வரை அங்கேதான். போகிற வழியில் கடையில் எட்டிப் பார்த்து, உன் கடிதம் வந்திருந்தால் வாங்கிக்கொள்கிறேன்.

டாக்டரிடமும் போனேன். மூன்று வார்த்தை சொல்லி, பத்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டார். சரியாகச் சொன்னேன். கடிகாரம் வரையச் சொன்னார். முள்ளுக்கு நிழல்கூட விழுகிற மாதிரி வரைந்தேன். "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே, எதுக்கு வந்தீங்க?" என்றார். எப்படிச் சொல்வது? "டாக்டர், என் வீட்டில் ஒரு ஊர் இருக்கிறது, அங்கே எனக்குத் தெரியாமல் ஆட்கள் வந்து சேருகிறார்கள்" என்றா? வாயைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு உதவி செய். அடுத்த மாதம் ஒரு வேன் பிடித்துக்கொண்டு வந்து பலகையை எடுத்துக்கொண்டு போ. அது கண்ணில் படாமல் இருந்தால் எனக்குச் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. உன் அக்காவிடம் ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம். அவளுக்கு அதில் என்ன இருக்கிறது.

ஏப்ரல் 8

அத்தான்,

வேனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். இதைப் படித்துவிட்டு உடனே வீட்டுக்குப் போங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அப்படியே கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு பிரித்தேன். படித்து முடித்துவிட்டுக் கொடியைப் பார்த்தேன். ஓடிப்போய் உங்கள் போட்டோவை எடுத்துவந்து கொடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன்.

உங்கள் பலகைக் கொடியில் சட்டையெல்லாம் தலைகீழாகத் தொங்குகிறது, கவனித்தீர்களா? தோளில் கிளிப் போட்டால் தடம் விழுந்து இஸ்திரி போட்டாலும் போகாது. நான் தனியாக வந்து ஆறு சட்டையைக் கெடுத்துக்கொண்ட பிறகுதான் இதைக் கண்டுபிடித்தேன். இன்னொன்று. வெளிக்கொடியில் போர்வை, அதற்கு உட்பக்கம் சின்னச் சின்ன உள்ளாடைகள். ரயிலில் போகிறவர்கள் கண்ணில் படாமல் போர்வைக்குப் பின்னால் மறைத்துப் போட்டிருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அத்தான், நீங்கள் உங்கள் வாழ்நாளில் ஒரு சட்டையாவது கொடியில் போட்டிருக்கிறீர்களா? தெரியாத ஒன்றைத் தூக்கத்தில்கூடச் செய்ய முடியாது. உங்கள் மூளைக்கு ஒரு கேடும் இல்லை. இருபத்தைந்துக்கு ஐம்பது எடுத்தது, இதையே நினைத்துப் பயந்துகொண்டிருந்ததால்.

யார் என்று நான் எழுத மாட்டேன். எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஏப்ரல் 9

மாப்பிள்ளை,

இன்றைக்கு நடந்ததை இன்றைக்கே எழுதிவிடுகிறேன். போன கடிதத்துக்கு உன் பதில் இன்னும் வரவில்லை. பலகையை எடுக்க வரவேண்டாம்.

காலையில் நல்ல மழை. பஸ் ஸ்டாண்டுக் கூரை ஒழுகி என் பெஞ்சு நனைந்துவிட்டது. பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்தேன், ஏதாவது பொய் சொல்லிக்கொள்ளலாம் என்று. குடையை வாசலில் விரித்து வைக்கும்போதே பின்னறையில் ரயில் ஓடுகிற சத்தம். அந்தச் சத்தம் உனக்குத் தெரியும், வளைவில் கொஞ்சம் தேம்பும். கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே இருப்பது நான்தானோ என்று ஒரு நிமிடம் பயந்துவிட்டேன். சிரிக்காதே. கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

தள்ளினேன். உன் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். என் லென்ஸ் பட்டையைத் தலையில் மாட்டிக்கொண்டு, வாயில் ஒரு பிரஷ், கையில் ஒரு கூட்ஸ் பெட்டி. அதற்குத் துருப்பிடித்த மாதிரி வண்ணம் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"கடை லீவா?" என்றாள்.

"நீயா?"

"வேற யாரு?"

"பூட்டியிருந்தேனே!"

"இந்த வீட்ல மாத்துச் சாவி எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாதில்ல. எனக்குத் தெரியும்."

"பவுடர் போட்டிருந்தேன்."

"ஆமா, வாசல் பூரா கொட்டி வச்சிருந்தீங்க. தொடச்சேன்."

எத்தனை நாளாக என்று கேட்டேன். நாலு வருடமாம். நீ இங்கே இருந்தபோதே. கூரைப் பாசி அவள். குன்றின் சரிவில் இருக்கிற காய்ந்த புல் அவள். அந்தப் புல்லைப் போன வருடம் பார்க்க வந்தவர்களிடம் நான் செய்ததாகச் சொல்லியிருக்கிறேன், நானேதான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டு. முதலில் நம்மில் ஒருவர் செய்தது போலவே செய்தாளாம். இந்த வருடம்தான், "எனக்குத் தோணினதைச் செய்யலாமேன்னு பட்டுச்சு" என்றாள்.

"சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லியிருந்தா? 'பரவால்லையே, நல்லா வருதே'ம்பீங்க. அடுத்த நாள் எனக்குச் சொல்லிக்குடுக்க உக்காந்துருவீங்க. என் தம்பி ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்."

"பாலத்து முனையில நிக்கிற ஆள் யாரு, உன் தம்பியா, நானா?" என்று கேட்டேன். அதற்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது. "ஒரு மனுஷன். நின்னு பாக்குறான். எல்லாத்துக்கும் உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரா இருக்கணுமா?"

பிறகு என் கதையைச் சொன்னேன். மாத்திரை, லீவு, டாக்டர், பஸ் ஸ்டாண்டு. சொல்லச் சொல்ல அவள் லென்ஸைக் கழற்றினாள், பிரஷைக் கீழே வைத்தாள். 

"ரெண்டு வாரமா மழையிலயும் வெயில்லயும் உக்காந்திருந்தீங்களா? நீங்க கண்டுபிடிப்பீங்க, வந்து சிரிச்சுக்கிட்டே கேப்பீங்கன்னுதானே நினைச்சேன். 'இதெல்லாம் நீயா செஞ்சே'ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதானே?"

"கேக்கணும்னு தோணலை" என்றேன்.

"அதான்" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

அந்த 'அதான்' காதைவிட்டுப் போகவில்லை. உன்னைச் சந்தேகப்பட்டேன். என் மூளையைச் சந்தேகப்பட்டேன், அதற்கு டாக்டர் வரை போனேன். அவளைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை. எனக்கு வியாதி ஒன்றும் இல்லை என்று தெரிந்து சந்தோஷப்பட வேண்டும். ஆனால் இதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 16

அத்தான்,

நம் இரண்டு கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன.

நேற்று ஒரு ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்டின் மேல் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தபோது ஒன்று ஞாபகம் வந்தது. நாம் சுற்றுப்பாதைக்கு ஜல்லி ஒட்டிக்கொண்டிருந்தோம். அக்கா வாசலில் நின்று, "நான் ஒரு மரம் செய்யட்டுமா?" என்று கேட்டாள். நான் தலையைத் தூக்காமலே, "நீ டீ போடுக்கா" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் நான்தான் தலையைத் தூக்கவில்லையே, எப்படித் தெரியும்?

அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'அக்காவுக்கு' என்பதற்கு மேல் வரவில்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பற்றி அவளிடம் கேட்டீர்களா? கேட்கலாமா, கூடாதா? எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நான் வரட்டுமா?

ஏப்ரல் 27

மாப்பிள்ளை,

போன திங்கட்கிழமையிலிருந்து கடைக்குப் போகிறேன். ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் இரண்டு தடவை பார்த்து எடுக்கிறேன். பில் போடுகிற அம்மா, "முதுகு தேவலையா சார்?" என்கிறார். தேவலை.

நீ வருவதைப் பற்றிச் சொன்னேன். "வரட்டும். ஸ்க்ரூ டிரைவரை அங்கயே வச்சிட்டு வரச் சொல்லுங்க" என்றாள். இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம் என நினைக்கிறேன்.

ஆனால் பதினெட்டு நாளாக அவள் பின்னறைப் பக்கம் வரவில்லை. புது பிரஷ் வாங்கி வைத்தேன், தொடவில்லை. பூட்டை எடுத்துவிட்டேன், அதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "சரி விடுங்க" என்றாள். அந்தச் சரியில் எத்தனை பங்கு சரி என்று என்னால் அளக்க முடியவில்லை. யாருக்கும் தெரியாமல் இருந்தவரைக்கும்தான் அது அவளுடையதாக இருந்ததோ? கண்டுபிடித்ததே தப்போ? பெஞ்சில் இருக்கிற பெண்ணைப் பற்றி நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

இன்று ஞாயிறு. மதியம் சாப்பிட்ட பிறகு ஒரு சிக்னல் கம்பத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தாள். கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "கொஞ்சம் வெளிய இருங்களேன்" என்றாள்.

எழுந்து வந்துவிட்டேன். எதற்கு, எவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து உனக்கு இதை எழுத ஆரம்பித்தபோது உள்ளே ரயில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வரிக்கு வரும்போது சத்தம் நின்றிருக்கிறது. ஏதாவது கழன்றுவிட்டதா, அவளாக நிறுத்தினாளா தெரியவில்லை. எழுந்து போய்ப் பார்க்கச் சொல்லிக் கால் பரபரக்கிறது.

உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தான்